நட்சத்திரத்தின் நாடி

விஞ்ஞானப் பகுதி

சென்ற இதழில் சூரியனுடைய வயது ஏறக்குறைய 457 கோடி ஆண்டுகள் என்று இப்பகுதியில் குறிப்பிட்டிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர், "மனிதன் ஒருகாலும் அணுக முடியாத நெருப்புக் கோளத்துக்கு ஜாதகம் கணித்தவர் யார்? அது பிறந்த நேரத்தைக் குறித்து வைத்தவர் உண்டோ?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வியில் சிறிது பரிகாசம் கலந்திருப்பினும் அது நியாயமான கேள்வியே. விஞ்ஞானி சொன்னார் என்பதற்காக மட்டும் ஒன்றை நம்புவதற்கும், பழைய ஏட்டில் கண்டிருக்கிறது என்பதற்காக மட்டும் நம்புவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எவ்வாறு அறிந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே அது நம்முடைய அறிவாகும். ஆதலின் இம்மாதம் அவ்வழியையே விளக்க முற்படுகிறோம்.

சூரியனோடு உடன்பிறந்தவை எனத்தக்க விண்கற்கள் பூமியில் விழுகின்றன. அவற்றிலுள்ள கதிரியக்கப் பொருள்கள் எவ்வளவு சிதைந்துள்ளன என்று சோதித்து வயதைக் கணக்கிட்டனர். சூரியனைப் பொறுத்தவரை இது போதிய சான்றாகும். ஆனால் மற்ற நட்சத்திரங்களுக்கு இச்சோதனை பயன்படாது. அவற்றிடமிருந்து நமக்கு வருவது ஒளி ஒன்றே. அந்த ஒளியும் மேற்பரப்பிலிருந்து வருவது. சூரியனின் ஆரம் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர். நாம் காணும் ஒளி புறப்படுவதோ சில நூறு கிலோமீட்டர் கனமே உள்ள மேல்தோலிலிருந்து. உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அவ்வொளி நேராகச் சொல்வதில்லை. ஆங்கில வானநூல் அறிஞர் ஆர்தர் எடிங்டன் 1926-ஆம் ஆண்டில் நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டபோது, அண்டத்தில் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் எட்டாத இடம் நட்சத்திரத்தின் உட்பகுதியே என்ற கவலையோடுதான் அதைத் தொடங்கினார்.

ஆயினும், உடைக்காமலே உள்ளே இருப்பதை அறியும் வழி நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதியதன்று. சந்தையில் மண்பானை வாங்குகிறவர் அதைக் கையில் ஏந்தி விரலால் சுண்டிப் பார்க்கிறார். 'கணீர்' என்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மழுங்கினால் எங்கோ விரிசல் உண்டு. விரிசல் கண்ணுக்குத் தெரியாவிடினும் காதுக்குத் தப்புவதில்லை. பொருளின் வடிவம், கனம், உள்ளமைப்பு ஆகிய யாவும் அதன் ஒலியில் பதிந்துள்ளன என்பதே இதன் கருத்து.

இதற்கு மற்றோர் உதாரணம் மிருதங்கம். வெறும் தோலைக் கட்டித் தட்டினால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. வலந்தலையின் நடுவே கரிய கரணையைப் பூசியதும் அவை ஒழுங்குபட்டு இன்னிசையாகின்றன. இந்த இரகசியத்தை ஆராய்ந்து 1920-ஆம் ஆண்டில் உலகுக்கு வெளியிட்டவர், அக்காலத்தில் கல்கத்தாவில் வாழ்ந்த நம் சர் சி. வி. ராமன் அவர்கள். தோலில் எங்கே எவ்வளவு பளு ஏறியிருக்கிறது என்பதை அதன் துணை ஒலிகளின் வரிசையே காட்டிவிடும். நட்சத்திரத்திலும் நாம் தேடுவது இத்தகைய வரிசையையே.

நட்சத்திரம் அதிர்வதுண்டோ எனின், உண்டு. 1784-ஆம் ஆண்டிலேயே ஜான் குட்ரிக் என்ற இளைஞர், 'டெல்டா செபை' என்னும் நட்சத்திரம் ஐந்து நாள் ஒன்பது மணிக்கு ஒருமுறை ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். அது மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குகிறது என்பது பின்னர் விளங்கியது. இத்தகைய நட்சத்திரங்களில் ஒளி மிகுந்தவை மெதுவாகவே துடிக்கின்றன என்பதை 1912-இல் ஹென்ரியெட்டா லெவிட் என்ற அம்மையார் நிறுவி, விண்வெளியின் தொலைவை அளக்கும் அளவுகோலை நமக்குத் தந்தார். ஆயினும் இவை பெரும்பாலும் ஒன்றிரண்டு ஸ்வரங்களில் மட்டுமே துடிப்பவை. ஒரே ஸ்வரத்தைக் கேட்டு இன்ன ராகம் என்று கூற இயலுமோ? உள்ளமைப்பை அறியப் பல ஸ்வரங்கள் வேண்டும்.

அவை சூரியனிடம் கிடைத்தன. 1960-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள மவுண்ட் வில்சன் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் லெய்டன் என்பவரும் அவருடைய துணைவர்களும் சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டனர். அணுகிவரும் ரயில் வண்டியின் ஊதல் உச்சமாகவும், கடந்துபோகும் வண்டியின் ஊதல் தாழ்ந்தும் கேட்பதை அறிவோம். ஒளியிலும் அவ்வாறே அலைநீளம் சிறிது மாறும். இம்மாறுதலைக் கொண்டே 1909-இல் நம் கொடைக்கானல் ஆராய்ச்சிக்கூடத்தில் எவர்ஷெட் என்பவர் சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டறிந்திருந்தார். லெய்டன் கையாண்டதும் அதே தத்துவந்தான்.

இந்த ஐந்து நிமிட அதிர்வு மேற்பரப்பின் ஆங்காங்குள்ள கொந்தளிப்பு என்றே முதலில் எண்ணினர். 1970-இல் ரோஜர் உல்ரிச்சும், 1971-இல் லைபாக்கர், ஸ்டைன் என்ற இருவரும் வேறு விளக்கம் கூறினர்: இவை சூரியனுக்குள் சிறைப்பட்ட ஒலி அலைகள். 1975-இல் ஜெர்மானியரான டாய்ப்னர் செய்த நுண்ணிய அளவைகள் அதை உறுதிப்படுத்தின.

ஒலி எங்கிருந்து பிறக்கிறது? உலையில் அரிசி கொதிக்கும்போது எழும் ஓசையை நினைவுகூர்க. சூரியனின் மேற்பகுதியும் அவ்வாறே ஓயாது கொதித்துப் புரள்கிறது. அக்கொதிப்பின் இரைச்சல் உள்நோக்கிச் செல்கிறது. உள்ளே செல்லச் செல்ல வெப்பம் மிகுவதால் ஒலியின் வேகமும் மிகுந்து, அலையின் போக்கு வளைந்து மறுபடியும் மேலே திரும்புகிறது. மேற்பரப்பை அடைந்ததும், அதற்கப்பால் அலையைத் தாங்கிச் செல்லும் அடர்த்தியான வாயு இன்மையால் மீண்டும் உள்ளே தள்ளப்படுகிறது. இப்படி ஓயாமல் எதிரொலிக்கும் இரைச்சலில், சூரியனின் உருவத்துக்குப் பொருந்தும் ஸ்வரங்கள் மட்டும் நிலைக்கின்றன. ஏனையவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அவ்வாறு நிலைப்பவையே லட்சக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் தனியே மேற்பரப்பை அசைக்கும் வேகம் மிகுதியாயின் வினாடிக்கு 20 சென்டிமீட்டர்; தவழும் குழந்தையின் வேகம் என்னலாம்.

இவ்வொலி நம் செவிக்கு எட்டாது. இடையே காற்றில்லை, இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு ஓர் அதிர்வு என்பது நம் காது உணரும் எல்லைக்கு வெகு கீழே உள்ளது. ஆனால் கணக்கில் அதை ஸ்தாயி ஸ்தாயியாக உயர்த்தலாம். பதினாறு ஸ்தாயி உயர்த்தினால் வினாடிக்குச் சுமார் 203 அதிர்வு வரும். அது ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவே, நம் பெண்கள் பாடும் ஆதார ஷட்ஜத்தை ஒட்டிய ஒலி.

இனி, ஸ்வரங்களிலிருந்து செய்தியைப் பெறும் முறையைக் காண்போம். சூரியனின் ஸ்வரங்களை வரிசைப்படுத்தினால் அவற்றுள் ஓர் இனத்தவை ஏறக்குறையச் சம இடைவெளியில் அமைகின்றன. பத்து லட்சம் வினாடிக்கு இத்தனை அதிர்வு என்று எண்ணினால் அவ்விடைவெளி 135 ஆகும். இதன் பொருள், சூரியனின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு மையத்தின் வழியே ஒலி செல்ல ஏறக்குறைய 7,400 வினாடி, அதாவது இரண்டு மணியும் சில நிமிடமும் ஆகிறது என்பதே. நட்சத்திரம் பருத்து அடர்த்தி குறைந்தால் இப்பயணம் நீளும், இடைவெளி சுருங்கும். ஆகவே இந்த இடைவெளி நட்சத்திரத்தின் சராசரி அடர்த்தியைக் காட்டுகிறது. எந்த ஸ்வரம் மிக ஓங்கி ஒலிக்கிறது என்பதோ மேற்பரப்பின் ஈர்ப்பைக் காட்டுகிறது. அடர்த்தியும் ஈர்ப்பும் தெரிந்தால், நட்சத்திரத்தின் நிறையையும் ஆரத்தையும் பள்ளி மாணவனும் பிரித்தறியலாம்.

ஓர் உதாரணம்: சூரியனுக்குச் சமமான நிறையும் பத்து மடங்கு ஆரமும் உள்ள செந்நிறப் பெரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஆயிரம் மடங்கு. அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்கு. இடைவெளி அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 135-ஐச் சுமார் 31.6-ஆல் வகுக்கவேண்டும், கிடைப்பது 4.3. அதன் ஓங்கிய ஸ்வரமும் ஐந்து நிமிடத்திலிருந்து ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு ஓர் அதிர்வாகத் தாழ்ந்துவிடும். கஞ்சிராவும் கோவில் முரசும் ஒரே ஸ்வரத்தில் முழங்காதது போலத்தான்.

அன்பர் கேட்ட வயதுக்கு வருவோம். மையத்தை ஊடுருவிச் செல்லும் ஸ்வரங்களும், மையத்தைச் சற்று விலகித் திரும்பும் ஸ்வரங்களும் சூரியனில் உண்டு. இவற்றிற்கிடையே மற்றொரு சிறிய இடைவெளி காணப்படுகிறது. மேற்சொன்ன கணக்கில் அது சுமார் 9. நட்சத்திரத்தின் மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாகிறது. ஹீலியம் கனத்தது; அது சேரச் சேர அங்கே ஒலியின் வேகம் தளர்கிறது; சிறிய இடைவெளியும் குறுகிக்கொண்டே வருகிறது. அடுப்பில் சேர்ந்த சாம்பலைக் கொண்டு எவ்வளவு நேரம் எரிந்தது என்று சொல்வதைப் போன்றது இது. இம்முறையால் 2002-ஆம் ஆண்டில் சூரியனின் வயதைக் கணித்தபோதும் 457 கோடி ஆண்டுகளே வந்தன. 11 கோடி ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றனர். கல் சொன்னதும் ஒலி சொன்னதும் ஒத்திருந்தன.

இத்தகைய நுண்ணிய அளவைக்கு இடைவிடாத கவனிப்பு வேண்டும். சூரியன் மறைந்து இரவு குறுக்கிடும்போதெல்லாம் ஸ்வரங்கள் குழம்பிப்போகும். இதற்காகச் சிலர், கோடையில் சூரியன் மறையாத தென்துருவத்துக்கே சென்று ஐந்து நாட்கள் தொடர்ந்து அளந்தனர். பின்னர் 1995-ஆம் ஆண்டில் உலகைச் சுற்றி ஆறு நிலையங்கள் ஒரு சங்கிலியாக இணைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ராஜஸ்தானத்தில் உதயபுரி நகரின் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தது; அந்த ஆராய்ச்சிக்கூடம் பதேசாகர் ஏரியில் ஒரு தீவின்மீது உள்ளது. சுற்றிலும் நீர் இருப்பதால் தரை சூடேறிக் காற்று அலைவது குறைந்து, சூரியனின் உருவம் தெளிவாகத் தெரிகிறது. உதயபுரிப் பக்கம் வாழும் நம் அன்பர்கள் ஏரிக்கரையில் உலாவும்போது அந்த வெண்ணிறக் கட்டிடத்தைச் சிறுவர்களுக்குக் காட்டலாம்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பார் உளர். இந்த ஒலி தீர்த்துவைத்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். சூரியனின் மையத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறந்து பூமியையும் துளைத்துச் செல்கின்றன. அமெரிக்காவில் ஆழ்ந்த தங்கச் சுரங்கமொன்றில், சலவைக்குப் பயன்படும் ஒரு திரவத்தைப் பெருந்தொட்டியில் நிரப்பி ரேமண்ட் டேவிஸ் அவற்றை எண்ணினார். எதிர்பார்த்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது என்பது 1968 முதல் தெரியவந்தது. எங்கே பிழை? சூரியனின் மையத்தைப் பற்றிய நம் கணக்கு தவறோ? அப்படியாயின் எல்லா நட்சத்திரங்களைப் பற்றிய கணக்கும் தவறாகும். அல்லது நியூட்ரினோவைப் பற்றிய நம் அறிவு தவறோ? அப்படியாயின் அணுநூலின் அடிப்படையே திருத்தப்பட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வழக்கு நடந்தது.

சாட்சி சொல்ல வந்தது சூரியனின் ஒலி. 1997-இல் ஜான் பாக்காலும், இந்தியாவில் பயின்று அமெரிக்கா சென்ற சர்பானி பாசு அம்மையாரும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். சூரியனின் உட்பகுதி ஏறக்குறைய முழுவதிலும் ஒலியின் வேகம் கணக்கோடு ஆயிரத்தில் இரண்டு பங்குகூட வேறுபடவில்லை என்று அவர்கள் காட்டினர். ஆகவே சூரியன்மீது குற்றமில்லை. குற்றம் நியூட்ரினோவினிடம் என்று ஆயிற்று. 2001, 2002-ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி சுரங்கத்தில் நடந்த சோதனை இதையே மெய்ப்பித்தது. வழியிலேயே நியூட்ரினோக்கள் வேறு வகையாக உருமாறி, டேவிஸின் தொட்டிக்குத் தப்பிவிட்டன. டேவிஸ் 2002-இல் நோபல் பரிசு பெற்றார். சட்பரிச் சோதனையின் தலைவர் மெக்டொனால்டு 2015-இல் அப்பரிசில் பங்கு பெற்றார்.

பிற நட்சத்திரங்களின் ஒலியைக் கேட்பது இன்னும் கடினம். நமக்கு அண்மையிலுள்ள 'ஆல்பா சென்டாரி' என்னும் நட்சத்திரத்தில் ஏழு நிமிட அதிர்வை 2001-இல் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானிகள் தெளிவாகப் பிடித்தனர். அதன் இடைவெளி 106. அதன் நிறையை அதன் துணை நட்சத்திரம் சுற்றும் விதத்தாலும், ஆரத்தைத் தொலைநோக்கிகளை இணைத்தும் தனியே அளந்துள்ளனர். நிறை சூரியனைப்போல் 1.1 மடங்கு, ஆரம் 1.22 மடங்கு. இவற்றை மேற்சொன்ன விதியில் இட்டுப் பார்த்தால் 105 வருகிறது. விதி பொய்க்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

2009-இல் விண்ணில் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம், ஒளியில் பத்து லட்சத்தில் சில பங்கே நேரும் மாறுதலையும் உணர்ந்து ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் நாடியைப் பிடித்துத் தந்தது. அன்ன மண்டலத்திலுள்ள '16 சிக்னி' என்ற இரட்டையரைத் தனித்தனியே கணித்தபோது இருவருக்கும் 680 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதே கிடைத்தது. ஒன்றாய்ப் பிறந்தவர்க்கு ஒரே வயது வந்தது கணக்கின் நேர்மைக்குச் சான்று. 'கெப்ளர் 444' என்பதன் வயது 1,120 கோடி ஆண்டுகள் என்று 2015-இல் தெரிந்தது. பூமியிலும் சிறிய ஐந்து கிரகங்கள் அதைச் சுற்றுகின்றன. நம் பூமி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அவை சுழலத் தொடங்கிவிட்டன என்பதை எண்ணும்போது மனம் அடங்கிப்போகிறது.

வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாத செந்நிறப் பெரு நட்சத்திரங்களில், மையத்தைச் சுற்றி ஹைட்ரஜன் மட்டும் எரிவது எது, மையத்தில் ஹீலியமும் எரியத் தொடங்கியது எது என்று 2011-இல் ஒலியைக் கொண்டே பிரித்தனர். அவற்றின் சில அதிர்வுகளின் காலங்கள் முன்னதில் சுமார் 50 வினாடி வேறுபடும்; பின்னதில் 100 முதல் 300 வினாடி வரை வேறுபடும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. காந்தக் கொந்தளிப்பு மிகுந்த நட்சத்திரங்களில் ஒலி அடங்கிவிடுகிறது. அன்றியும், 2005-ஆம் ஆண்டையொட்டிச் சூரியனில் ஆக்ஸிஜன், கார்பன் முதலியவற்றின் அளவு முன்பு எண்ணியதைவிடக் குறைவு என்று சிலர் கணித்தனர். அதை ஏற்றால் ஒலி சொல்லும் செய்தியோடு கணக்கு பொருந்தவில்லை. அந்த வழக்கு இன்றும் முடிவுபெறவில்லை. ஒலியின் சாட்சியம் உறுதியாக இருப்பதனாலேதான் முரண்பாடு வெளிப்பட்டது என்பதை மறத்தலாகாது.

இத்துறையின் கணித அடிப்படையில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. வாயுக் கோளங்கள் பலவாறு அதிரும் விதத்தைக் கணிப்பதற்குரிய பொதுத் தத்துவமொன்றை 1964-இல் வெளியிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ராமன் அவர்களின் தமையனார் புதல்வர். தந்தையார் ரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றிய லாகூர் நகரில் 1910-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு ஊக்கம் தரும்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் மே, ஜூன் மாதங்களில் முன்னிரவு கழிந்ததும் தென்திசையைப் பார்க்க வேண்டுகிறோம். திரிசங்கு எனப்படும் சிலுவை வடிவ மண்டலத்துக்குக் கிழக்கே இரு பிரகாசமான நட்சத்திரங்கள் தாழ்வாகத் தோன்றும். அவற்றுள் கிழக்கே இருப்பது ஆல்பா சென்டாரி. தில்லியில் அது அடிவானத்தை விட்டு எழுவதே அரிது. பம்பாயிலும் தாழ்வாகவே தெரியும். தமிழகத்தில் நன்றாகக் காணலாம். அசைவற்ற புள்ளிபோல் தோன்றும் அது ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை துடித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குங்கள்; அக்கேள்வியை மட்டும் அடக்கிவிடாதீர்கள்.